ஆமாம், ஒருத்தனை நம்பித்தான் ஆடினோம்

சனிக்கிழமை நம்ம டீம் ஆடிய பாஸ்கட்போல் ஃபைனலைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் இரண்டு நாளாக இங்கே கமெண்ட்களில் நடக்கிற பிரேதப் பரிசோதனையைப் பார்த்தால் முடியவில்லை. "ஒருத்தனைச் சுத்தி டீம் கட்டினா இப்படித்தான்." மூன்று புள்ளியில் தோற்றோம் ஐயா. முதல் சுற்றிலேயே தோற்று ஊருக்கு, அட்டனுக்கு, பஸ் ஏறிய வருடங்களில் இந்த நிபுணர்கள் எல்லாம் எங்கே இருந்தீர்கள்?

ஆமாம், நம்ம ஸ்டார் பையனைச் சுற்றித்தான் டீம் கட்டினோம். அடுத்த வருடமும் அப்படித்தான். பாஸ்கட்போலில் உள்ளே நிற்பது ஐந்தே பேர். அவனை மறிக்க எதிரணி இரண்டு பேரைப் போட்டால் நம்முடைய மற்ற நாலு பேருக்கு மிச்சம் மூன்று பேர்தான். சனிக்கிழமை மூலையில் நின்று வரிசையாகப் போட்டானே நம்ம சின்னவன், அவனை ஏன் யாரும் மறிக்கவில்லை? கெட்டிக்காரன் ஒருத்தன் இருந்தால் பக்கத்தில் நிற்பவனும் கெட்டிக்காரன் ஆகிறான். இதற்குப் பெயர் ஒருத்தனை நம்புவதா?

ஒரு அண்ணன் அமெரிக்க NBA லீக்கின் 2004 ஃபைனலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஷாக், கோபி, மலோன், பேட்டன் எல்லாரும் இருந்த லேக்கர்ஸை டெட்ராய்ட் 4–1 என்று அடித்தது. சரி, உண்மைதான். இருபது வருடமாக அதே உதாரணம்! 2021 ஃபைனலின் ஆறாவது ஆட்டத்தில் யானிஸ் 50 புள்ளி போட்டு மில்வாக்கிக்குக் கோப்பை எடுத்துக் கொடுத்தாரே? 2014 டிராஃப்ட்டில் (டீம்கள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பது) 41ஆவதாக எடுத்த ஜோகிச்சைச் சுற்றித்தானே டென்வர் 2023இல் ஜெயித்தது?

ஜோர்டன் 1984இல் சிகாகோவுக்கு வந்தார், முதல் கோப்பை 1991. நடுவில் 1987இல் பிப்பன் வந்து சேர்ந்தார். "பார்த்தியா, ஸ்டார் மட்டும் போதாது" என்று இப்போது குதிப்பீர்கள். நானும் அதைத்தானே சொல்கிறேன்! சுற்றிக் கட்டுவதென்றால் சுற்றிலும் ஆள் வேண்டும். அதற்கு நாள் எடுக்கும்.

அவனுக்கு அடிபட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். பட்டால் பார்த்துக்கொள்வோம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் கோச்சாக ஒரு சேர் இருந்தார். எல்லாருக்கும் சம வாய்ப்பு என்பது அவர் கொள்கை. தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு (வரிசை வீடுகள்) அடுத்த லயத்துப் பையன்தான் டீமிலேயே பெரிய ஆட்டக்காரன். இரண்டாவது குவார்ட்டரில் அவனை வெளியே எடுத்துவிட்டு என்னை அனுப்புவார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சோடி சப்பாத்து. கோர்ட் ஓரத்து ஈரச் சீமெந்தில் குந்தி, அவன் கழற்றக் கழற்ற நான் மாட்டுவேன். உள்ளே அவன் கால் சூடு இருக்கும். எனக்கு இரண்டு சைஸ் பெரிது. நான் உள்ளே போனால் லீட் கரையும், அது எனக்கே தெரியும். அவன் ஓரத்தில் வெறுங்காலோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அடுத்த வருடம் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். சம வாய்ப்பு!

1998இல் ஓவலில் முரளி 113 ஓவருக்கு மேல் போட்டு 16 விக்கெட் எடுத்தபோது யாராவது "ஒருத்தனை நம்பி ஆடுகிறார்கள்" என்று அழுதீர்களா? நம்ம கண்டிக்காரன் என்று நெஞ்சைத் தூக்கிக்கொண்டு திரியவில்லையா?

ஆனால் நம்ம லயத்துப் பையன் என்றால் மட்டும் "ரொம்பத் தூக்கிவிட்டா தலைக்கனம் வந்துரும்." எழுதியவருக்குத் தெரியும் யாரைச் சொல்கிறேன் என்று. இதை வெளியூர்க்காரன் எழுதியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது. ஃபைனலைப் பார்க்க அவன் அம்மா அரைப்பேரோடு (அரைநாள் கூலியோடு) மலையிலிருந்து இறங்கி வந்தார். கொழுந்துக் கறை போகாத கையால்தான் கடைசிவரை கைதட்டினார். உங்கள் கமெண்ட்களை அவருக்குத் தங்கச்சிதான் போனில் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பிராக்டிஸுக்கு வரவில்லை. நேற்றும் இல்லை.

நாளை நாலு மணிக்கு, மழை விட்டால், நான் கோர்ட்டில் இருப்பேன். தலைக்கனம் என்றவர் வந்து ரீபவுண்ட் பொறுக்கிப் போடட்டும்.