ஜோ-எல் சோன்யே பாடிய அந்தப் பாடல் யாருடையது?

‘டியர் ஸ்டெயின்ட் லெட்டர்’ (கண்ணீர்க் கறை படிந்த கடிதம்) அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாழும் பிரெஞ்சு வழிவந்த கேஜுன் மக்களின் பழைய நாட்டுப்பாடல் என்றும், அக்கார்டியன் கலைஞர் ஜோ-எல் சோன்யே அதைத் தம் முன்னோரிடமிருந்து பெற்றார் என்றும் பரவும் செய்தி தவறானது. அதை எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன். 1983-இல் வெளியான தம் ‘ஹேண்ட் ஆஃப் கைண்ட்னஸ்’ தொகுப்பில் அவரே அதைப் பாடியிருக்கிறார். 1946-இல் லூசியானாவின் ரெய்ன் ஊரருகே, பிரெஞ்சு பேசும் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த சோன்யே, ‘கம் ஆன் ஜோ’ தொகுப்பில் தம் பொத்தான் அக்கார்டியனின் துள்ளலைச் சேர்த்து அதைப் பாட, 1988-இல் அது அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. அந்த வாசிப்பே அதை ஊர்ப்பாடல்போல் ஒலிக்கச் செய்தது என்பதால், இக்குழப்பம் வியப்பளிப்பதன்று. அவருடைய கேஜுன் வேர்களை அறிய விரும்புவோர் கேட்க வேண்டியது, 2015-இல் கிராமி விருது பெற்ற ‘தி லெகசி’ தொகுப்பை.