கூட்டம் நடக்கும் நேரத்தையும் பாருங்கள்

பெற்றோர் கூட்டத்துக்கு வராதவர்கள் பிள்ளையின் படிப்பில் அக்கறையற்றவர்கள் என்று அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம் பகுதியில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குச் சென்று, பால் எடுத்து முடிக்கவே முற்பகலாகிவிடும் தாயும், அதே மாவட்டத்தின் கடலோர ஊரான தூத்தூரிலிருந்து மீன்பிடிக்க ஆழ்கடலுக்குச் சென்று வாரக்கணக்கில் கரை திரும்பாத தந்தையும் காலை 10 மணிக் கூட்டத்துக்கு எவ்வாறு வருவார்கள்? ஆசிரியையாக இருந்த காலத்தில், அடிக்கடி விடுப்பெடுத்த ஒரு மாணவனின் வீட்டுக்கு மாலையில் சென்றபோதுதான், நோயுற்ற பாட்டியை அவனே கவனித்துக்கொள்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது.

அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஆயினும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட மட்டுமே அவர்களை அழைக்கும் பள்ளிகள் இருப்பது மிகுந்த வருத்தமளிக்கிறது.

பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தாலே பிள்ளை ஏதோ தவறு செய்துவிட்டான் என்று பெற்றோர் பதறுகிறார்கள். 'உங்கள் மகள் இன்று கணக்கை நன்றாகப் போட்டாள்' என்று சொல்வதற்காக ஒருமுறையேனும் அழைத்திருந்தால், பின்னர் ஒரு குறையைச் சொல்லும்போது அவர்கள் மனம் நோகாமல் கேட்பார்கள்.