ஆழமாகத் திணித்தால் பேஸ் கூடுமா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "இயர்போனை ஆழமாகத் திணித்தால்தான் பேஸ் வரும், வலி இரண்டு நாளில் பழகிவிடும்."

தவறு. பேஸுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கு, தேவை ஆழமல்ல, அடைப்பு. ரப்பர் முனையைச் சுற்றி இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலிதான் முதலில் கசியும். உறுமி மேளம் தகர டப்பா போலக் கேட்கும். பெட்டியில் பெரும்பாலும் 3 அளவு முனைகள் இருக்கும். பலர் அந்தப் பையைப் பிரிப்பதே இல்லை! எனக்கு இடக்காதுக்கு நடுத்தரம், வலக்காதுக்குச் சின்னது.

காதுமடலை மேலே, பின்பக்கமாக இழுத்துக்கொண்டு செருகுங்கள். அப்புறம் பேசிப் பாருங்கள்; உங்கள் குரல் உள்ளே கம்மென்று கேட்டால் சரி. வலித்தால், முனையின் அளவை மாற்றுங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மலிவு இயர்போன்கூட இதில் தேறிவிடுவதுண்டு.