திசைவேகம் என்பது திசை ஒட்டின வேகம் இல்லை

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. நேற்று ராத்திரி வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். வேகம் ஸ்கேலார், அதாவது அளவு மட்டும்; திசைவேகம் வெக்டார், அளவோடு திசையும் உண்டு; வேகத்தோடு திசையும் சேர்ந்தால் திசைவேகம். மதிப்பெண் உறுதி. சரி, 400 மீட்டர் டிராக்கை ஒரு சுற்று ஓடி, கிளம்பின இடத்துக்கே வந்து நின்றவனுடைய சராசரித் திசைவேகம் எவ்வளவு என்று கேட்டேன். 400ஐ நேரத்தால் வகுத்து, கூடவே 'வடக்கு' என்று ஒரு திசையையும் ஒட்டிவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன், அந்தச் சொல்லே அப்படித்தான் காதில் விழுகிறது. ஒரு கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அவள் நினைப்பது சரியும்கூட. ஸ்பீடாமீட்டர் 60 காட்டுகிற அந்த நொடியில் திசைவேகத்தின் அளவும் 60தான். சராசரி என்று வந்ததும்தான் வம்பு, ஏனென்றால் வேகத்துக்கு நாம் வகுப்பது கடந்த தொலைவை, திசைவேகத்துக்கோ இடப்பெயர்ச்சியை, அதாவது கிளம்பின புள்ளியிலிருந்து சேர்ந்த புள்ளிக்கு நேர்கோட்டில் எவ்வளவு என்பதை மட்டும், நடுவில் ஊரையே சுற்றி வந்திருந்தாலும் அது கணக்கில் வராது. சுற்றி வந்தவனுக்குப் பூஜ்யம்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் வேட் வான் நீகெர்க் 400 மீட்டரை 43.03 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். சராசரி வேகம் விநாடிக்கு 9.3 மீட்டர், மணிக்கு 33 கிலோமீட்டருக்கு மேல். அப்போ அவருக்கும் பூஜ்யமா? இல்லை! அவர் ஓடியது எட்டாவது தடம். வெளித்தடத்தின் சுற்று நீளமானது என்பதால் அந்தத் தடக்காரரை வளைவில் சுமார் 53 மீட்டர் முன்னால் நிறுத்துவார்கள், முடிகிற கோடு எல்லாருக்கும் ஒன்றுதான். வளைவை விட்டுவிட்டு, அவர் கிளம்பின புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்கு நேராக அளந்தால் ஏறக்குறைய 50 மீட்டர் வரும். நேரத்தால் வகுத்தால் விநாடிக்கு 1.2 மீட்டர்கூட இல்லை. நாம் கடைக்கு நடந்து போகிற வேகம், அதுவும் நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாக!

நாம் வேகம் என்கிற ஸ்பீடுக்கு இலங்கைப் பாடநூல்களில் கதி, நாம் திசைவேகம் என்கிற வெலாசிட்டிக்கு வேகம். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சொற்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது. என்ன, யாழ்ப்பாணத்து நண்பரோடு இயற்பியல் பேசினால் வேகம் என்று யார் எதைச் சொல்கிறோம் என்பதே முதலில் தகராறு.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ காலையில ஸ்கூலுக்குப் போய் சாயந்திரம் வீட்டுக்கே திரும்பி வரேனே, எனக்கும் பூஜ்யமா சித்தப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். முறைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.