இமாம் பசந்தை வாங்கிச் சாப்பிடுங்கள், நீலத்தை நட்டு வையுங்கள்

ஆண்டுதோறும் சித்திரை பிறந்துவிட்டால் என்னிடம் மாங்கன்று பற்றிக் கேட்பவர்கள் கூடிவிடுகிறார்கள். புதிதாக வீடு கட்டியவர்கள், பின்புறம் கொஞ்சம் மண் விட்டு வைத்தவர்கள், பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள் எனப் பலரும் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் வைக்க எந்த ரகம் நல்லது? நான் வாயைத் திறப்பதற்குள் "இமாம் பசந்த்தானே?" என்று அவர்களே முடித்தும் விடுகிறார்கள். திருச்சிக்காரர்களிடம் இதைக் குறையாகச் சொல்ல முடியாது. காவிரிக்கரை மண்ணில் விளைந்த இமாம் பசந்தைத் தின்று வளர்ந்த நாக்கு வேறு பழத்தை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் ஒரே ஒரு மரம் வைக்க மட்டும் இடம் உள்ளவர்களுக்கு நான் சொல்லும் பதில் நீலம்தான். இதைச் சொன்னவுடன் பெரும்பாலானோர் முகம் வாடிவிடுகிறது. பருவத்தின் கடைசியில் மலிவாக வருகிற, வண்டிக்காரர் கூறு கட்டி விற்கிற பழத்தையா வீட்டில் வைப்பது என்று கேட்கிறார்கள். தின்பதற்கு ஏற்ற ரகமும் வளர்ப்பதற்கு ஏற்ற ரகமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்று நான் நினைப்பதன் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் சுவையைப் பற்றி. சென்ற ஆண்டு ஆனி முதல் வாரத்தில், பருவத்தின் கடைசிப் பங்கனப்பள்ளியும் முதல் நீலமும் ஒரே நேரத்தில் கையில் கிடைத்தபோது, வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். பங்கனப்பள்ளி, செந்தூரம், இமாம் பசந்த், மல்கோவா, ருமானி, நீலம் ஆகிய ஆறையும் தோல் சீவி, ஒரே அளவில் துண்டு போட்டு, தட்டுக்கு ஓர் எண் மட்டும் எழுதி அம்மாவின் முன்னும் அக்கா குடும்பத்தின் முன்னும் வைத்தேன். பழம் எதையும் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவில்லை. குளிர்ந்த பழத்தில் இனிப்பு மட்டும்தான் நாக்குக்குத் தெரியும், மணம் அடங்கிவிடும். மாம்பழத்தில் பாதி மணம்தானே? இமாம் பசந்தை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். நார் என்பதே இல்லாமல் வெண்ணெயைப் போல் கரைகிற சதையை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. பழுத்த பிறகும் தோலில் பச்சை மிச்சமிருப்பதால், பழகாதவர்கள் அதைக் காயென்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. பங்கனப்பள்ளி கட்டியான சதையோடு, குற்றம் சொல்ல முடியாத, ஆனால் நினைவில் நிற்காத இனிப்போடு இருந்தது. செந்தூரத்தின் தோள்பட்டைச் சிவப்பு கண்ணுக்குத் தருகிற ஆசையை, தோல் சீவிய துண்டு நாக்குக்குத் தரவில்லை. ருமானியை அதன் ஆப்பிள் போன்ற உருண்டை வடிவத்துக்காகவே விரும்புகிற அக்கா மகன், வடிவம் தெரியாத நிலையில் அதற்குக் கடைசி இடம் கொடுத்தான்.

வியப்பு என்னவென்றால், அம்மா இரண்டாம் இடம் கொடுத்தது எங்கள் மரத்து நீலத்துக்கு. பழம் சிறியது, ஆனால் அதன் கொட்டையும் சிறியதுதான். வெட்டியவுடன் அறை முழுதும் மணக்கும். சந்தையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய மல்கோவா ஐந்தாம் இடத்துக்குப் போனது. மல்கோவா மட்டமான ரகம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முற்றுவதற்கு முன்பே பறித்து, பெட்டியில் அடைத்து, அவசரமாக நிறமேற்றிய பழம் அது. எந்த ரகமாக இருந்தாலும், மரத்தில் எத்தனை நாள் நின்றது, எப்படிப் பறிக்கப்பட்டது, எங்கே பழுத்தது என்பவைதான் அதன் சுவையைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கச் செய்வது நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள் பயன்படுத்த மட்டுமே அனுமதி உண்டு. ஆனால் எந்த வாயுவும் முற்றாத காயில் இல்லாத இனிப்பை உண்டாக்கிவிடாது. வீட்டு மரம் வைத்திருப்பவனுக்குக் கிடைக்கும் பெரிய சலுகை இதுதான்: அவன் காத்திருக்கலாம்.

காயின் தோள் காம்புக்கு மேலே புடைத்து எழும்பிவிட்டதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் ஒரு காயைப் பறித்து வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முற்றிய காய் அமிழும், முற்றாதது மிதக்கும். துரட்டியின் நுனியில் வலைப்பை கட்டிப் பறிக்கும்போது, காம்பை விரல் நீளத்துக்கு விட்டுப் பறித்து, பிறகு கத்தரித்து, பழத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாலை வடியவிட வேண்டும். பால் தோலில் பட்டால் அந்த இடம் கருகி, பழுக்கும்போது அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். அதன் பின் வைக்கோல் பரப்பிய கூடை, ஐந்தாறு நாள் பொறுமை. காயாக இருக்கும்போதே குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அது ஒழுங்காகப் பழுக்கவே பழுக்காது.

இனி வளர்ப்புக்கு வருகிறேன். அக்கா வீட்டில் இருபது வயதுடைய இமாம் பசந்த் மரம் ஒன்று இருக்கிறது. ஓர் ஆண்டு அறுபது பழம் கொடுத்தது, அடுத்த ஆண்டு நான்கே நான்கு. மாமா அந்த நான்கையும் எண்ணி எண்ணிக் காவல் காத்தார், இரண்டை அணில் எடுத்துக்கொண்டது. அந்த ரகத்தின் இயல்பே கூச்சத்தோடு காய்ப்பதுதான். பங்கனப்பள்ளிக்கும் அல்போன்சாவுக்கும் கூட ஓர் ஆண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்ந்துவிடும் குணம் உண்டு. தோப்பு வைத்திருப்பவருக்கு நூறு மரங்களில் சில ஏமாற்றினாலும் கணக்கு நேராகிவிடும். ஒற்றை மரம் வைத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நீலமோ ஆண்டு தவறாமல் காய்க்கும், இளமையிலேயே காய்க்கத் தொடங்கும், மற்றப் பழங்கள் ஓய்ந்த பிறகு ஆனியிலும் ஆடியிலும் வரும். இந்தக் குணங்களுக்காகத்தான் நம் ஆய்வாளர்கள் புதிய கலப்பின ரகங்களை உருவாக்கும்போதெல்லாம் நீலத்தையே தேடிப் போயிருக்கிறார்கள். தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நீலத்தோடு வடநாட்டு ரகமான தசேரியைச் சேர்த்து மல்லிகாவையும், தசேரியோடு நீலத்தைச் சேர்த்து அம்ரபாலியையும் உண்டாக்கியது. அல்போன்சாவோடு நீலம் சேர்ந்ததுதான் ரத்னா. நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட ரகங்களிலும் நீலத்தின் இரத்தம் ஓடுகிறது. கூறு கட்டி விற்கப்படுகிற அந்தச் சின்னப் பழத்தின் வம்சாவளி இத்தனை பெரியது.

என் சொந்த அனுபவம் இதைவிடக் கசப்பானது. 2012-இல் ஒரு நாற்றுப்பண்ணையில் இமாம் பசந்த் ஒட்டுக்கன்று என்று சொல்லி வாங்கி வந்து, ஒரு மீட்டர் குழி எடுத்து, தொழுவுரம் போட்டு, ஆசையாக நட்டேன். மரம் மளமளவென்று வளர்ந்தது. ஐந்தாம் ஆண்டு முதன்முதலாகப் பழுத்தபோது, அம்மா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பல்லில் சிக்கிய நாரை எடுத்துக்கொண்டிருந்தார். புளிப்பும் நாருமான நாட்டு மாம்பழம். அடிமரத்தைக் குனிந்து பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே இருந்த குருத்து எப்போதோ காய்ந்துபோயிருக்கிறது. அதற்குக் கீழே, கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடியின் பக்கக் கிளைதான் மரமாக எழும்பி நின்றது. விற்றவர் மீது பாதிக் குற்றம் சொல்லலாம். முதல் ஆண்டில் ஒட்டுக்குக் கீழே துளிர்த்ததை அவ்வப்போது கிள்ளி எறியாத என் மீது மீதிப் பாதி. ஒட்டுக்கன்று வாங்கும் எவரும், தழைத்திருக்கும் தலையைப் பார்ப்பதற்கு முன், அந்த ஒட்டுத் தழும்பைப் பார்த்து, துளிர் அதற்கு மேலிருந்து வருகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட வேண்டும். நடும்போதும் தழும்பு மண்ணுக்குள் போய்விடாமல் வெளியே தெரிய வேண்டும்.

கொட்டையிலிருந்தே வளர்த்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே கதைதான் விடை. நம் ஊரில் விரும்பித் தின்னும் ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டைக்குள் ஒரே ஒரு கரு இருக்கும். அது மகரந்தச் சேர்க்கையில் உண்டான புதிய பிள்ளை, தாயைப் போல் இருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஒலூர், சந்திரக்காரன், வெள்ளைக்கொழும்பான் போன்ற சில ரகங்களின் கொட்டையில் மட்டுமே பல கருக்கள் இருந்து, தாயின் அச்சாகவே கன்றுகள் முளைக்கின்றன.

அந்த மரத்தை வெட்டி எறிய அம்மா விடவில்லை. நிழலாவது தருகிறதே என்றார். 2018 ஆடியில் இடுப்பு உயரத்தில் அறுத்துவிட்டு, அதிலிருந்து கிளம்பிய புதுத் துளிர்களில் ஒட்டுக் கட்டத் தெரிந்த ஒருவரைக் கொண்டு, ஒரு பக்கம் நீலத்தையும் மறுபக்கம் மல்லிகாவையும் கட்டினோம். பெட்டிக்கடையில் கிடைக்கும் நெகிழி உறைக்குள் ஒட்டை மூடி, ஈரம் போகாமல் கட்டிவிட்டுப் போனார். ஆறு கட்டியதில் நான்கு பிடித்தன. இப்போது ஒரே அடிமரத்தில் தாயும் மகளும் காய்க்கிறார்கள். வேர் பழையது என்பதால் மூன்றாம் ஆண்டே பழம் வந்துவிட்டது. இதைப் பார்க்க வருகிறவர்கள் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தை, நான்கு கிளையில் நான்கு சுவை என்று சொல்லப்படுகிற அந்த மரத்தை, நினைவுகூராமல் போவதில்லை. உத்தரப் பிரதேசத்து மலிகாபாத்தில் கலீமுல்லா கான் ஒரே மரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட ரகங்களை ஒட்டி வளர்த்து, 2008-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். நமக்கு இரண்டு போதும். ரகம் இரண்டாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தசேரி, லாங்ரா போன்ற ரகங்கள் தம் சொந்த மகரந்தத்தால் காய் பிடிப்பதில்லை; பக்கத்தில் வேறு ரகம் பூத்திருக்க வேண்டும். மாம்பூவில் மகரந்தத்தைச் சுமப்பவை பெரும்பாலும் ஈக்கள் என்பதால், பூக்கும் மாதங்களில் நான் பூச்சிமருந்துப் பக்கமே போவதில்லை.

வீட்டு மரங்கள் பூக்காததற்கு நான் பார்த்த வரையில் முதற்காரணம் அன்புதான். பாத்திரம் கழுவும் தண்ணீரை நாள்தோறும் அடிமரத்தில் ஊற்றிவிட்டு, தைமாதம் ஏன் பூக்கவில்லை என்று கேட்பவர்கள் நிறையப் பேர். மழைக்காலம் முடிந்ததிலிருந்து பூ எடுக்கும் வரை மரம் கொஞ்சம் வாட வேண்டும். ஓயாமல் ஈரமும் தழைச்சத்தும் கிடைத்தால் அது துளிரைத்தான் விடும். காய் பட்டாணி அளவு வந்த பிறகு தண்ணீர் கொடுத்தால் போதும். அறுவடை முடிந்ததும் உள்கிளைகளைக் கழித்து, கைக்கெட்டும் உயரத்தில் மரத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். கிளையை வெட்டுவதைப் பாவமாக நினைப்பவர்கள் பிறகு பழத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

நீலத்தின் குறையை மறைக்கவும் நான் விரும்பவில்லை. மாங்கொட்டைக் கூன்வண்டுக்கு அது மிகவும் பிடித்த ரகம். பிஞ்சின் மேல் தாய் வண்டு முட்டையிட, புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும். துளை ஆறி மூடிவிடுவதால் பழத்தின் மேல் ஒரு சிறு அடையாளமும் தெரியாது. ஒருமுறை விருந்தினர் முன் அழகான பழம் ஒன்றை வெட்டியபோது, கொட்டையிலிருந்து கரிய வண்டு ஒன்று நிதானமாக வெளியே வந்து தட்டின் விளிம்பில் நடந்தது. அந்த அம்மாள் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாம்பழம் தொடுவதில்லை. உதிர்ந்த பிஞ்சையும் தின்று போட்ட கொட்டையையும் மரத்தடியில் விடாமல் பொறுக்கி அழித்துவிட்டால் அடுத்த ஆண்டு வண்டு வெகுவாகக் குறைகிறது என்பது மூன்று ஆண்டுகளாக நான் கண்டது. பழ ஈக்கு, மெத்தில் யூஜினால் வைத்த பொறியில் ஆண் ஈக்கள் வந்து விழும். அதே வேதிப்பொருள் துளசியிலும் இருப்பதால், கசக்கிய துளசியைத் தண்ணீர்ப் புட்டியில் போட்டுக் கட்டித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு.

இமாம் பசந்த் வேண்டுவோர் வைகாசியில் திருச்சியை அடுத்த அந்தநல்லூர்ப் பக்கம் போய், தோப்பிலேயே நின்று, பறித்த நாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் இருபது ஆண்டு காத்திருப்பதைவிட அது மலிவு. நீலமோ மல்லிகாவோ ஒட்டுக் கட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆடி முதல் வாரத்தில் சொல்லிவிடுங்கள். ஒட்டுக்கான குச்சியை மரத்திலிருந்து வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே அதன் இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கி வைத்தால்தான் மொட்டு திரண்டு நிற்கும். அன்றே வந்து அன்றே கேட்டால் என்னிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது.