அனைவரும் பத்திரமாக வந்து சேர்ந்தோமாம்

எங்கள் பழைய கார் கிளப்பின் ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தான் ரைடு பற்றி இதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. குரூப்பில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்தப் போட்டோ. செட்டிநாட்டு வீட்டு வாசல், நடுவில் சிவப்பு எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு பக்கமும் கான்டெஸாக்கள், ஓரத்தில் ஒரு பழைய ஃபியட். மேலே 'மதுரையிலிருந்து கிளம்பிய அனைவரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம்' என்று ஒரு வரி, பக்கத்தில் கும்பிடும் கை மூன்று. போட்டோவில் 8 வண்டி இருக்கிறது. ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி வரிசை கட்டிக் கிளம்பியது 11. இத்தனைக்கும் பதிவைப் போட்ட எம்.ஜி.க்காரர் கணக்குப் பார்த்துச் சம்பாதிக்கிறவர்.

அந்தப் பதிவு என் போனில் வந்து விழுந்தபோது நான் கீழவளவு தாண்டி ஒரு புளியமரத்தடியில் கையெல்லாம் கிரீஸோடு நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் கிளப்பில் சட்டதிட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வருஷச் சந்தா 500 ரூபாய், அதையும் பாதிப் பேர் கேட்டால்தான் தருவார்கள். இருப்பது ஒரே ஒரு விதி. உனக்குப் பின்னால் வரும் வண்டி உன் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியவில்லையா, ஓரங்கட்டி நில். அவ்வளவுதான். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கண்ணாடியைப் பார்த்தால் போதும்.

வழியில் நின்றுபோனது வாத்தியாரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். வாத்தியாருக்கு வயது 71. பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர், கூட வந்திருந்த அவர் மனைவி ஓய்வு பெற்ற நர்ஸ். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதன் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வாத்தியார் அப்படித்தான் உட்கார்ந்தார், வகுப்பில் ஸ்டூலில் உட்காருவது மாதிரி. வெயிலுக்கு வேப்பர் லாக் ஆகியிருக்கும், அதாவது பெட்ரோல் வழியிலேயே ஆவியாகி அடைத்திருக்கும் என்று நினைத்து ஃப்யூயல் பம்பில் ஈரத்துண்டைச் சுற்றினோம். வாத்தியார் வீட்டு அம்மா பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தார். இருபது நிமிஷம் ஆகியும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரவில்லை. பம்பைப் பிரித்தால், பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு, அந்த டயாபிராம், கிழிந்திருக்கிறது.

"நீங்க போங்க தம்பி, அங்க உங்களைத் தேடுவாங்க" என்று வாத்தியார் மூன்று முறை சொன்னார். யாரும் தேடவில்லை, வாத்தியார்.

சரி, ஒருத்தன் தேடினான். அதைச் சொல்லாவிட்டால் பாவம். கிளப்பிலேயே சின்னப் பையன், அப்பாவின் பிரீமியர் 118என்இ காரை ஓட்டுகிறவன். திருப்பத்தூர் போகும்போது கண்ணாடியில் எங்களைக் காணோம் என்று திருப்பிக்கொண்டு வந்தான். அதே சாலைதான், அதே கண்ணாடிதான். அம்மா சொன்னபடி மேலூருக்குப் போய் மருந்துக்கடையில் டிரிப்ஸ் ஏற்றும் டியூப் வாங்கிவந்தவனும் அவன்தான். ஒரு லிட்டர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, டியூபின் ஒரு முனையைப் பாட்டிலிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் ஹோஸிலும் செருகினோம். அம்மா இடதுபக்க ஜன்னல் வழியே பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "ரிட்டயர் ஆகிப் பத்து வருஷத்துக்கு அப்புறம் மறுபடியும் டூட்டி போட்டுட்டீங்களே" என்று சிரித்தார். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து மேலூர் வந்து சேர்ந்தோம். (யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். ஆபத்து. எங்களுக்கு வேறு வழியில்லை.)

இப்போது எனக்கு வந்த அறிவுரைகளுக்கு வருகிறேன்.

'அந்த வீட்டு ஆச்சி சாப்பாட்டோடு காத்திருந்தார், லேட்டாகப் போனால் மரியாதையா?' என்று ஒருவர். சாப்பாடு ஒரு மணிக்கு. போட்டோ பதினொன்றேகாலுக்கு. நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம் என்ன செய்தீர்கள் என்பதற்கு அடுத்தடுத்து வந்த 43 போட்டோக்கள் சாட்சி. ஆச்சியை இதில் இழுக்காதீர்கள். அவரே சாயங்காலம் எனக்குப் போன் செய்து, அந்த ஹெரால்டுக்காரர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டார்.

'போன் செய்திருக்கலாமே' என்றார் இன்னொருவர். 7 முறை செய்தேன். வண்டி ஓட்டும்போது எடுக்க முடியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். நானும் எடுக்க மாட்டேன். மேல்மூடி இல்லாத எம்.ஜி.யில் காற்று இரைச்சலில் மணி அடித்தது கேட்டிருக்காது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடி பார்க்கக் காது தேவையில்லையே.

'வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் ஏன் வருகிறார்கள்?' இதுதான் என்னை எழுத வைத்தது. இதற்கு 14 பேர் கட்டைவிரல் வேறு தூக்கியிருந்தீர்கள். வாத்தியாரின் பராமரிப்பு நோட்டை யாராவது பார்த்திருக்கிறீர்களா? 40 பக்க நோட்டில் ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், போட்ட பிளக் என்று எல்லாம் பதிந்திருக்கும், கரும்பலகைக் கையெழுத்தில். ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு கம்பெனி 1980-களின் இறுதியில் வண்டி செய்வதை நிறுத்திவிட்டது. வண்டலூரில் அந்தத் தொழிற்சாலையே போய்விட்டது. டயாபிராம் வேண்டுமென்றால் எந்தக் கடைக்குப் போவது? போதாக்குறைக்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நம் வண்டிகளில் இருக்கும் அந்தக் காலத்து ரப்பரை அது உப்ப வைக்கும், கொஞ்ச நாளில் வெடிக்க வைக்கும். இன்று ஹெரால்டு பம்பு, நாளைக்கு உங்கள் கான்டெஸா ஹோஸ். அன்றைக்குக் கண்ணாடியில் யார் தெரிவார்கள் என்று பார்ப்போம்.

அப்புறம் அந்தப் பழைய பாட்டு. 'இது ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பு, ஹெரால்டுக்கும் பத்மினிக்கும் இங்கே என்ன வேலை?' பத்மினி என் கார், அதனால் அது என்னைத்தான். புரிகிறது. ஐயா, 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற வண்டியை நீங்கள் போன் திரையில் வைத்திருக்கிறீர்கள், பார்த்திருக்கிறேன். அதன் அடியில் இருப்பது ஹெரால்டின் சேசிஸ், நீளத்தைக் கொஞ்சம் குறைத்தது. இரண்டையும் வரைந்தது அதே இத்தாலிக்காரர், மிக்கெலாட்டி. நீங்கள் கேலி செய்த வண்டிக்கு உங்கள் கனவு வண்டி தம்பி முறை. அந்தக் காலத்தில் வெளிநாட்டு வண்டியை நினைத்த மாத்திரத்தில் இறக்க முடியாது. ஃபியட், அம்பாசிடர், ஹெரால்டு, அவ்வளவுதான். சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் விட்டவர்களில் பலர் இந்த வண்டிகளைத்தான் பிரித்து, சீவி, எடை குறைத்து ஓட்டினார்கள். சென்னைக்காரர்களுக்குச் சோழவரம் இருந்தது, கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் ஓடுதளமே இருக்கிறது. மதுரையில் என்ன இருக்கிறது என்று அங்கே போகும்போதெல்லாம் கேட்பார்கள். 1911-லேயே டி.வி.எஸ். தொடங்கிய ஊர் என்று சொல்லிவிட்டு வருவேன். அந்த ஊரில், ஒரு வண்டி நின்றால் மற்ற பத்தும் நிற்கும் என்றும் பெருமையாகச் சேர்த்துச் சொல்வேன். இனி அதைச் சொல்ல முடியாது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டிலேயே கேட்டார்கள். சின்ன வயதில் அப்பாவின் ஃபியட் 1100 டிலைட்டில் கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது இருட்டிய நேரத்தில் வண்டி நின்றுவிட்டது. நான், அக்கா, மடியில் தம்பியோடு அம்மா. மேலிருந்து காய்கறி மூட்டையோடு இறங்கிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார், தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து பாயிண்ட்டைத் தேய்த்தார், தீப்பெட்டி அட்டையையே நடுவில் செருகி இடைவெளியைச் சரிசெய்தார். க்ளீனர் டார்ச் பிடித்தார். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. அப்பா பணம் நீட்டினார், அவர் வாங்கவில்லை. எங்கள் வண்டி அடுத்த வளைவு திரும்பும்வரை லாரி அங்கேயே நின்றது. பின்சீட்டில் முட்டி போட்டு அதைப் பார்த்துக்கொண்டே போனேன். அவருக்கு நாங்கள் யாரோ. காய்கறி வாடும் என்ற கவலை அவருக்கும் இருந்திருக்கும்.

இதற்குள் ஒருவர் பழைய கதையைத் தோண்டுவார், நானே சொல்லிவிடுகிறேன். 2019 சிறுமலை ரைடில் நானும் ஒருவரை விட்டுவிட்டுப் போனேன். 18 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே போய் டீ குடித்த பிறகுதான் கவனித்தேன். திரும்ப இறங்கிப் போய் அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடி விதியே அதற்குப் பிறகு வந்ததுதான். 'அனைவரும் வந்தோம்' என்று போட்டோ போடவில்லை.

ஒன்பது வருஷம் செயலாளர். காவல் நிலையத்துக்குக் கடிதம், இன்ஷூரன்ஸ் நகல், டிபன் பார்சலில் யாருக்கு வெங்காயம் ஆகாது என்பது வரை என் தலையில். கார் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனபோது பாரம் நிரப்பிக் கொடுத்தது யார்? 50 வருஷத்துக்கு மேலான வண்டிக்கு விண்டேஜ் பதிவு வந்தபோது, '20,000 கட்டி அதில் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது, யோசித்துச் செய்யுங்கள்' என்று ஒவ்வொருவர் வீட்டிலும் உட்கார்ந்து சொன்னது யார்? இதைச் சொல்லிக்காட்டுகிறேன் என்பீர்கள். ஆமாம், சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன். சந்தாக் கணக்கு எங்கே என்று நேற்று ஒருவர் கேட்டிருக்கிறார், சம்பந்தமே இல்லாமல். கணக்கு நோட்டு என் வீட்டில் இருக்கிறது, வந்து பாருங்கள். வரும்போது பாக்கி இரண்டு வருஷச் சந்தாவையும் எடுத்து வாருங்கள்.

எம்.ஜி.க்காரர் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை. 1951 மாடலை அவர் வைத்திருக்கும் அழகுக்கு நான் தலைவணங்குவேன். அந்தப் பதிவின் வரியை மட்டும் மாற்றச் சொன்னேன். 'எட்டுப் பேர் வந்து சேர்ந்தோம்' என்று போடுங்கள், போதும் என்றேன். இன்னும் மாற்றவில்லை.

திங்கட்கிழமை காலை வாத்தியார் குரூப்பை விட்டு வெளியேறினார். ஒரு வார்த்தை எழுதவில்லை. அடுத்த ரைடுக்கு வரிசையில் முதல் வண்டி ஹெரால்டு என்று முடிவு செய்திருக்கிறேன், அவசரக்காரர்கள் தனியாகப் போய்க்கொள்ளலாம். ஆனால் அதற்கு அவர் வர வேண்டும். நேற்று இரவு போன் செய்தேன், எடுத்தார். டயாபிராம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறதாம், வெள்ளிக்கிழமை மாட்டலாமாம். பத்து நிமிஷம் பேசினோம். பம்பைப் பற்றி மட்டும்தான் பேசினார்.