பெயரை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதுமா?

காராகவும் ரோபோவாகவும் மாறும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில், பழையவற்றின் பெயரைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். அந்தப் பெயருக்கே காரணமான வித்தையைக் கழற்றிவிட்டு, பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். கேட்டால், "செலவு கட்டுப்படியாகாது" என்பதுதான் ரசிகர்களே சொல்லும் சமாதானம். வயிறு எரிகிறது.

1986இல் வந்த ரனமக், ரனபவுட் என்ற இரண்டு பொம்மைகளையும் பாருங்கள். காரைப் பின்னால் இழுத்துவிட்டால் ஓடும், ஓடிக்கொண்டே தானாக நிமிர்ந்து ரோபோ ஆகிவிடும். முழங்கை மடங்காது, இடுப்பு திரும்பாது. அதனால் என்ன? அது நிமிரும் அந்த நொடிக்காகத்தானே பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கினார்கள்! எர்த்ரைஸ் என்ற புதிய பொம்மை வரிசையில் ரனமக் திரும்ப வந்தபோது எல்லா மூட்டும் மடங்கியது, திரும்பியது. இழுத்துவிட்டால் ஓடவைக்கும் அந்த மோட்டார் மட்டும் இல்லை.

இங்கே பெங்களூரில், கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் இப்படி மறுபிறவி எடுத்த கார் ஒன்றை அக்கா பையன் கையில் எடுத்தான். எடுத்ததும் தரையில் வைத்துப் பின்னால் இழுத்தான். யாரும் சொல்லித் தரவில்லை, காரைப் பார்த்தால் பிள்ளைகள் அதைத்தான் செய்வார்கள். கடைக்காரர் பதறிப்போய், "சார், இது விளையாடுறதுக்கு இல்ல, ஷோகேஸ்ல வைக்கிறது" என்றார். பொம்மையை வைத்து விளையாடக் கூடாதாம்!

செலவுக் கணக்கு எனக்கும் புரிகிறது. இழுவை மோட்டார் மலிவுதான், சிவாஜிநகர் நடைபாதையில் விற்கும் கார்களில்கூட இருக்கிறது. ஆனால் அது வயிற்றுப் பகுதியை அடைத்துக்கொள்ளும். கூடவே ஸ்பிரிங், சரியான நேரத்தில் விடுபடும் கொக்கி, கீழே விழுந்தாலும் உடையாத பிளாஸ்டிக் எல்லாம் வேண்டும். ஒவ்வொரு உதிரிக்கும் மோல்டில், அதாவது வார்ப்பு அச்சில், இடம், பொருத்த ஆள், சோதனை. அதே வயிற்றில்தான் இடுப்பு மூட்டையும் வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஏன் எப்போதும் மூட்டே ஜெயிக்கிறது? அலமாரியில் நிறுத்திப் படம் பிடிக்கிற பெரியவர்களுக்கு அதுதான் வேண்டும், காசும் அவர்களிடம்தான் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஹெட்மாஸ்டர்ஸ் என்ற இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையின் கதை இன்னும் கொடுமை. 1987இல் வந்த பொம்மையில் தலை என்பது தனியாக ஒரு குட்டி மனிதன். அவனை மடக்கிக் கழுத்தில் செருகினால் மார்புக்குள் இருக்கும் சின்ன மீட்டரில் பலம், வேகம், அறிவு அளவுகள் மாறும். எந்தத் தலையைச் செருகுகிறோமோ அதற்கேற்ற அளவு! பேட்டரி கிடையாது, எல்லாமே பிளாஸ்டிக் நெம்புகோல் வேலை. 2016இல் டைட்டன்ஸ் ரிட்டர்ன் என்று திரும்ப வந்தபோது தலை கழன்றது, குட்டி மனிதனும் ஆனது. மீட்டர் போயே போய்விட்டது. மார்பைத் திறந்து பார்க்க ஒன்றுமே இல்லை.

நம் ஊரில் இது இன்னும் வலிக்கிறது. பொம்மை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. அத்தனையும் கட்டி வாங்குவது கை கால் மடங்கும் ஒரு சிலையைத்தானா?

முழங்கையை எடுத்துவிடுங்கள். மணிக்கட்டு திரும்ப வேண்டாம், பெயிண்டைக்கூடக் குறையுங்கள், ஸ்டிக்கர் கொடுங்கள், நாங்களே ஒட்டிக்கொள்கிறோம். மிச்சமாகும் காசில் அந்த மோட்டாரையும் கொக்கியையும் திரும்ப வையுங்கள். அது முடியவே முடியாது என்றால், இழுத்துவிட்டால் இது மாறாது என்று பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.